முந்நூற்று இருபது சந்தனப் பொட்டு

செப்டம்பர் 5, 1960. திங்கள்

கிருபாநிதி சார் எங்க டிபார்ட்மெண்டுக்குத் தலைவர். அவர் கூப்பிட்டனுப்பினா ஏதோ திட்டு விழப்போகுதுன்னுதான் அர்த்தம். இன்னைக்கு அதிசயம், நல்ல சேதி!

அக்டோபர் 24-ம் தேதி டெல்லியிலிருந்து ஒரு கமிட்டி நம்ம கம்ப்யூட்டரைப் பார்க்க வருதாம். ஒரு அணைக்கட்டுக்கான தண்ணீர்க் கணக்கு கொடுப்பாங்க, மொத்தம் இருநூறு வரி. அவங்க காலையில் வந்து சாயங்கால ரயில் ஏறுறதுக்குள்ளே மெஷின் அதைப் போட்டு முடிக்கணும். முடிச்சுட்டா, அதை முடிக்க வெச்ச ஆளை ஆறு மாசம் பம்பாய்க்கு அனுப்புவாங்க, அங்கே இருக்கிற பெரிய மெஷினில் வேலை பழக. ஒரே ஒரு இடம்.

"யாருன்னு இப்பவே முடிவு பண்ண வேண்டாம்"னார் சார். இதில் முடிவு பண்ண என்ன இருக்கு? மூணு வருஷமா இந்த மெஷினோட குடித்தனம் நடத்துறவன் நான். ரேடியோவுக்குள்ளே எரியற மாதிரி கண்ணாடி வால்வு, முந்நூத்தி இருபதையும் என் கையால செருகியிருக்கேன். அத்தனையும் எரியும்போது ரூம் கொதிக்கிற கொதியில் அட்டெண்டர் மாரப்பண்ணன் இதுக்கு 'அடுப்பு'ன்னு பேர் வெச்சுட்டார். இப்ப கோயமுத்தூரில் எங்க காலேஜுக்கு வந்து அடுப்பு ரூம் எங்கேன்னு கேட்டா வாட்ச்மேன் கூட வழி சொல்வான்.

ஆனா பக்கத்தில் நின்ன மிஸ் ஆவுடைநாயகி, "முடிவாகலைன்னா சந்தோஷம் சார். நானும் இருக்கேம்லா"ன்னாங்க. ஜூன் மாசம் திருநெல்வேலியிலிருந்து வந்து சேர்ந்தவங்க. என்னை மாதிரியே டெமான்ஸ்ட்ரேட்டர், என் மேஜைக்கே எதிர்ப்பக்கம் நாற்காலி. கணக்கில் கெட்டிதான், ஒத்துக்கறேன். அதுக்காக மூணு மாசத்து ஆளுக்குப் பம்பாயா?

சிரிச்சா அந்தம்மாவுக்கு இடது கன்னத்தில் குழி விழுது. வேலை நடக்கிற இடத்தில் இது ஒரு இடைஞ்சல்.

செப்டம்பர் 7, புதன்

அடுப்பு பதினெட்டு நிமிஷம் ஓடிச்சு. அப்புறம் தப்புத் தப்பா விடை. எங்கேயோ ஒரு வால்வு போயிருச்சு. எது? அதுதான் எங்க தலையெழுத்து. ஒவ்வொண்ணா உருவி, டெஸ்டரில் வெச்சு, நல்லா இருந்தா திரும்பச் செருகி, அடுத்ததுக்குப் போகணும். மூணரை மணி நேரம் கழிச்சு இருநூத்திப் பதினொண்ணாம் நம்பர்னு தெரிஞ்சுது. மாத்திப் போட்டு ஓடவிட்டா ஒன்பதே நிமிஷத்தில் இன்னொண்ணு போச்சு. இந்த லட்சணத்தில் இருநூறு வரியாம்!

விரலெல்லாம் கொப்புளம். மிஸ் பையிலிருந்து பர்னால் களிம்பு எடுத்துக் கொடுத்தாங்க. நான் கேட்கவே இல்லை.

செப்டம்பர் 12, திங்கள்

கேன்டீனில் மிஸ்ஸோட வாக்குவாதம். எரியற வால்வைப் பார்த்தே அது வேலை செய்யுதா இல்லையான்னு சொல்ல முடியுமா? முடியவே முடியாதுன்னேன். உள்ளே கம்பி எப்படியும் சிவப்பா எரியும். உழைக்கிற வால்வும் உழைக்கிற மாதிரி நடிக்கிற வால்வும் கண்ணுக்கு ஒண்ணுதான்.

மிஸ் தட்டில் ரெண்டு வடையைப் பக்கத்துப் பக்கத்தில் வெச்சாங்க. "நம்ம வால்வு ஒவ்வொண்ணுக்குள்ளயும் ரெண்டு பாதி இருக்குல்லா சார்? ஒரு பாதி முழிச்சிருந்தா மறு பாதி தூங்கும். அது முழிச்சா இது தூங்கும். எந்நேரமும் ஒரு பாதிக்குத்தான் வேலை. அப்பம் எல்லா வால்வும் ஒரே அளவு சூடாத்தான இருக்கணும்?"

"இருக்கட்டுமுங்க. அதுக்காக முந்நூத்தி இருபதையும் தொட்டுப் பார்ப்பீங்களாக்கும்?"

"உங்க விரல் இருக்கே"ன்னு சொல்லிட்டு, தூங்குற வடையை எடுத்துச் சாப்பிட்டுட்டாங்க. அது நான் வாங்கின வடை.

செப்டம்பர் 16, வெள்ளி

பொள்ளாச்சியிலிருந்து அம்மா லெட்டர். கிணத்துக்கடவில் ஒரு பொண்ணு இருக்காம், வந்து பாருன்னு. அடுப்பை விட்டு இப்ப நகர முடியாதுன்னு எழுதிட்டேன். அது உண்மைதானே?

மிஸ் இன்னைக்கு லீவு. அடுப்பும் ஓடலை. ரொம்ப நீளமான நாள்.

செப்டம்பர் 29, வியாழன்

ஆயுத பூஜை. அடுப்புக்கும் ஓய்வு. பொரி, கடலை, சுண்டல், வாழைக்கன்று எல்லாம் தடபுடல். மாரப்பண்ணன்கிட்டே மெஷின் சட்டத்தில் நாலு பொட்டு வெச்சாப் போதும்னு சொல்லியிருந்தேன். அவர் ஒவ்வொரு வால்வுக்கும் தனித்தனியா சந்தனம் வெச்சிருக்கார்! முந்நூத்தி இருபது பொட்டு! கேட்டா, "ஏனுங்க சார், உழைக்கிறதுல எது ஒசத்தி, எது தாழ்த்திங்க? ஒண்ணுக்கு வெச்சு ஒண்ணை உட்டா அது மொகத்தைத் தூக்கி வெச்சுக்காதுங்களா?"ங்கிறார்.

மிஸ் மாம்பழ மஞ்சள் சேலை. சும்மா குறிச்சு வெச்சேன்.

செப்டம்பர் 30, வெள்ளி

விஜயதசமி. காலையில் ரூமைத் திறந்தா கோயில் வாசனை. நேத்து வெச்ச பொட்டெல்லாம் காய்ஞ்சு கண்ணாடியிலிருந்து உதிர்ந்திருச்சாம். இன்னைக்கு வெறும் நெத்தியோட வேலையை ஆரம்பிச்சா நல்லதில்லைன்னு மாரப்பண்ணன் விடிஞ்சதும் வந்து, புதுசா அரைச்சு, ஈரமா, மறுபடி அத்தனைக்கும் வெச்சிருக்கார்.

"தொடைச்சு விடுங்கண்ணா."

"சாமிக்கு வெச்சதைத் தொடைக்கறதுங்களா? நான் மாட்டனுங்க. நீங்க வேணா தொடைச்சுக்குங்க."

எனக்கும் கை வரலை. அப்படியே ஸ்விட்சைப் போட்டேன். பதினோரு நிமிஷம் சந்தன வாசனையோட ஓடிட்டு, வழக்கம்போல தப்பு விடை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மாரப்பண்ணன், சந்தனம், டெல்லி, எல்லாத்தையும் சேர்த்து ஒரு பாட்டம் திட்டினேன்.

மிஸ் நாலாவது ரேக்குக்கு முன்னாடி நின்னுக்கிட்டு, "சார், இங்க வாங்களேன். எல்லாப் பொட்டும் காஞ்சு வெளுத்துட்டு. இது மட்டும் இன்னும் ஈரமா மஞ்சளாவே இருக்கு. இதுக்கு மட்டும் நிறைய அப்பிட்டாரோ?"ன்னாங்க.

எனக்கு எரிச்சல். "சூடு ஏறலைன்னா எப்படிங்க காயும்? இது கூடவா தெரியாது?"ன்னு கத்தினேன்.

கத்தி முடிச்சதும் ரெண்டு பேரும் அந்தப் பொட்டை இன்னொரு தடவை பார்த்தோம். அந்த வால்வை உருவி டெஸ்டரில் வெச்சேன். நூத்தி நாப்பத்தி மூணாம் நம்பர். செத்துப் போயிருந்துது. தற்செயல்தான்.

அக்டோபர் 3, திங்கள்

தற்செயல் இல்லை! இல்லவே இல்லை!

இன்னைக்கு வேணும்னே தீக்குச்சியால எல்லா வால்வுக்கும் ஈரச் சந்தனம் வெச்சோம். மூணு பேர், பத்து நிமிஷ வேலை. ஓடவிட்டோம். பாதியில் நின்னதும் பார்த்தா, ஏழாவது ரேக்கில் ஒரே ஒரு பொட்டு ஈரம். உருவினேன், மாத்தினேன், ஓடிச்சு. நாலே நிமிஷம்! மூணரை மணி நேரம் எங்கே, நாலு நிமிஷம் எங்கே! அது மட்டுமா, மெதுவாக் காயற பொட்டைப் பார்த்தா எந்த வால்வு நாளைக்குச் சாகப்போகுதுன்னு இன்னைக்கே தெரியுது.

நான் மாரப்பண்ணனைத் தூக்கிச் சுத்திட்டேன். மிஸ் கைதட்டினாங்க. அவங்க நெத்தியிலும் கையிலும் சந்தனம். மூணு பேரும் கல்யாண வீட்டு ஆளுங்க மாதிரி இருந்தோம்.

நான் கண்டுபிடிச்ச முறைக்கு 'தண்டபாணி முறை'ன்னு பேர் வைக்கலாமா?

அக்டோபர் 4, செவ்வாய்

கிருபாநிதி சார் வந்து பார்த்தார். அசந்துட்டார். "பிரமாதம்யா! யாரோட யோசனை?"

"என்னுதுங்க சார்"னேன். வாய் முந்திருச்சு.

மிஸ் என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் என்னைக் கண்டதும் அடுத்த ஸ்டாப்புக்கு நடந்தே போயிட்டாங்க.

அக்டோபர் 6, வியாழன்

மிஸ் சார்கிட்டே எழுதியே கொடுத்துட்டாங்களாம், அந்த யோசனை அவங்களுதுன்னு. ஈரப் பொட்டை முதலில் பார்த்தது அவங்களாம். பார்த்தா ஆச்சா? தினம் சூரியனைக் கோடிப் பேர் பார்க்கிறாங்க!

நேரா கேட்டேன். "ஏனுங்க மிஸ், இது நியாயங்களா?"

"நியாயத்தைப் பத்தி நீங்க பேசுதீங்களா?"ன்னு கேட்டுட்டு ரேக்குப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

அக்டோபர் 8, சனி

ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வேலை மட்டும் நடக்குது, மாரப்பண்ணன் வழியா. "அண்ணா, அந்தம்மாகிட்ட ஸ்க்ரூ டிரைவர் கேளுங்க." மிஸ் நாலடி தூரத்தில்தான் இருக்காங்க. "அண்ணாச்சி, அது அவர் சட்டைப் பையிலேயே இருக்குன்னு சொல்லுங்க." மாரப்பண்ணன் நடுவில் நின்னுக்கிட்டு, "ஏனுங்க, உங்க ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானுங்களே இருக்குது?"ங்கிறார்.

அடுப்பு மட்டும் சந்தோஷமா இருக்கு. ஒரு மணி பத்து நிமிஷம் ஓடிச்சு. யார்கிட்டே சொல்றது?

அக்டோபர் 10, திங்கள்

சார் ரெண்டு பேரையும் கூப்பிட்டார். "இந்த மாதிரி மெஷினை முதலில் செஞ்சது யாருன்னு வெளிநாட்டிலேயே சண்டை ஓயலைங்கிறாங்க. நம்ம அடுப்பு ரூமுக்கும் அந்த வியாதி வந்துருச்சா?"ன்னார். கமிட்டிக்கு அனுப்புற படிவத்தில் 'கண்டுபிடித்தவர்'னு ஒரு கோடு இருக்கு. அதில் எழுதுற பேருக்குத்தான் பம்பாய். "வாய்ப்பேச்சு வேண்டாம். அந்தந்த நாளிலேயே எழுதின, தேதி போட்ட ஆதாரம் ஏதாவது இருந்தா சனிக்கிழமைக்குள்ளே கொடுங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. தேதி போட்ட ஆதாரமா? வருஷம் பூரா டயரி எழுதுறவன்கிட்டேயா! பம்பாய்க்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அக்டோபர் 11, செவ்வாய்

டயரியில் செப்டம்பர் 30-ஐப் படிச்சேன். தலைவலி. சீக்கிரமே படுத்துட்டேன்.

அக்டோபர் 12, புதன்

ஒரு பக்கம்தானே. அழகா, சுவடே தெரியாம கிழிச்சுடலாம். 'தண்டபாணி முறை'ன்னு எழுதியிருக்கிற பக்கத்தை மட்டும் காட்டலாம்.

பிளேடை எடுத்து வெச்சேன். அதால நகத்தை வெட்டிக்கிட்டேன்.

அக்டோபர் 14, வெள்ளி

செப்டம்பர் 30-ஐ மறுபடி தேடி மத்த பக்கங்களையும் புரட்ட வேண்டியதாப் போச்சு. வால்வைப் பத்தி எழுதின டயரின்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். மிஸ் வராத பக்கத்தை எண்ணினா ஒரு கை விரல் போதும். வடை, பர்னால், மஞ்சள் சேலை, கன்னத்துக் குழி. மனுஷன் எழுதுற எழுத்தா இது? சார் இதைப் படிச்சா என் மானம் கப்பல் ஏறிடும்.

ஆனா ஒண்ணு. அந்தப் பொட்டைப் பார்த்தது அவங்க. வால்வெல்லாம் ஒரே சூடா இருக்கணும்னு வடையை வெச்சுச் சொன்னதும் அவங்க. நான் பண்ணினது கத்தினது மட்டும்தான். எனக்குப் பம்பாய் போக ரொம்ப ஆசை. மூணு வருஷத்து ஆசை. இருந்தாலும் இது திருட்டு.

அக்டோபர் 15, சனி

டயரியை முழுசா, ஒரு பக்கமும் கிழிக்காம, சார் மேஜையில் வெச்சுட்டு ஓடி வரப் போறேன். சாமி, காப்பாத்து.

அக்டோபர் 17, திங்கள்

(டயரி சார்கிட்டே இருக்கு. இது பழைய பரீட்சைத் தாளோட பின்பக்கம்.)

சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குது. வரிசையா எழுதறேன்.

சார் ரூமில் மிஸ்ஸும் நானும். மேஜையில் என் டயரி, பக்கத்தில் மிஸ்ஸோட லேப் நோட்டு. சார் கண்ணாடியைத் தொடைச்சுப் போட்டுக்கிட்டார். நான் முந்திக்கிட்டேன். "சார், நான் சொன்னது பொய்யிங்க. கண்டுபிடிச்சது அவங்கதான். ஆதாரம் என் டயரியிலேயே இருக்குதுங்க."

மிஸ் சட்டுனு எழுந்து நின்னாங்க. "இல்ல சார்! நான் எழுதிக் கொடுத்ததுதான் தப்பு. கோபத்துல எழுதிட்டேன். அப்புறமா என் நோட்டைப் பார்த்தா, கண்டுபிடிச்சது அவர்னு என் கையெழுத்துலயே இருக்கு."

சார் நோட்டை எடுத்துப் படிச்சார். செப்டம்பர் 30. 'பொட்டு ஈரமாக இருப்பதைப் பார்த்துச் சந்தனம் அதிகமோ என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். த. சார் உடனே காரணம் சொன்னார்: சூடு ஏறாவிட்டால் காயாது. அந்த வால்வை உருவினார். சரியாக இருந்தது.'

"அது காரணம் சொன்னதில்லைங்க சார், நான் திட்டினதுங்க!"

"திட்டுனாலும் காரணம் காரணம்தானே?"

"நீங்க பார்க்கலைன்னா நான் எதைங்க திட்டறது?"

"நீங்க திட்டலைன்னா நான் அதைத் தொடைச்சிட்டுல்லா போயிருப்பேன்!"

ஒரு வாரம் நான்தான் நான்தான்னு மல்லுக்கட்டினவங்க, இப்ப நீங்கதான் நீங்கதான்னு அதே சத்தத்தில் மல்லுக்கட்டறோம். சார் ரெண்டு கையாலும் தலையைப் பிடிச்சுக்கிட்டார். அப்புறம் தோள் குலுங்குது. பார்த்தா மனுஷன் சிரிக்கிறார். கண்ணில் தண்ணி வர அளவுக்குச் சிரிச்சுட்டு, என் டயரியைத் திறந்து சத்தமாப் படிச்சார். "'சிரிச்சா அந்தம்மாவுக்கு இடது கன்னத்தில் குழி விழுது. வேலை நடக்கிற இடத்தில் இது ஒரு இடைஞ்சல்.' தண்டபாணி, இது எந்த வால்வைப் பத்தினதுய்யா?"

தரை பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். விழுங்கலை. மிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. இடைஞ்சல் பக்கவாட்டில் நல்லாவே தெரிஞ்சுது.

அப்பத்தான் மாரப்பண்ணன் டீ கொண்டு வந்தார். வெளியே நின்னு எல்லாத்தையும் கேட்டிருக்கார். டம்ளரை வெச்சுட்டு, "ஏனுங்க சார், தப்பா நெனைச்சுக்காதீங்க. பொட்டு வெச்சது நானுங்களே?"ன்னார்.

மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். அட ஆமாம்! மூணு பேருக்குமே அது தோணலை. தொடைக்கச் சொன்னவன் நான். மாட்டேன்னவர் அவர். எங்களுக்கு என்னமோ வெட்கமா போச்சு. மிஸ் போய் அவர் கையைப் பிடிச்சு, "மன்னிச்சிருங்க அண்ணாச்சி"ன்னாங்க.

சார் பேனாவை எடுத்தார். அந்த ஒரே கோட்டில், பொடி எழுத்தில், எழுதினார்: 'மாரப்பன் (பொட்டு வைத்தவர்), ஆவுடைநாயகி (பார்த்தவர்), தண்டபாணி (திட்டியவர்).'

போகும்போது டயரியைக் கேட்டேன். "அது ஆதாரம்யா. எதிர்த்தரப்பு படிச்சுப் பார்க்க உரிமை உண்டு"ன்னு மிஸ் கையில் கொடுத்துட்டார். ஐயோ!

அக்டோபர் 19, புதன்

தீபாவளி. பொள்ளாச்சி. எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கும்போது அம்மா, "ஏன்டா கண்ணு தனியாச் சிரிக்கிறே?"ன்னு கேட்டாங்க. "கண்ணில் சீயக்காய்"னேன்.

அக்டோபர் 24, திங்கள்

முடிஞ்சுது! ஜெயிச்சாச்சு!

பத்து மணிக்குக் கமிட்டி வந்துது, நாலு பேர். சந்தனக் கிண்ணத்தைப் பார்த்து அவங்க தலைவர், "இன்னைக்கு ஏதாவது பண்டிகையா?"ன்னு இங்கிலீஷில் கேட்டார். "இல்லை சார், இது டெஸ்ட் கருவி"ன்னாங்க மிஸ், கொஞ்சம் கூடச் சிரிக்காம. எண்பதாவது வரியில் அடுப்பு நின்னுது. கமிட்டி முகம் சுருங்கிச்சு. மிஸ் பார்த்தாங்க, "ரெண்டாவது ரேக்"னாங்க. நான் உருவினேன். மாரப்பண்ணன் புது வால்வை நீட்டினார், பொட்டோட. மூணு நிமிஷம். அப்புறமும் நூத்தி முப்பதில் ஒரு தடவை, நூத்தி எழுபதில் ஒரு தடவை. மூணரை மணிக்கு இருநூறாவது வரி. ரயிலுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருந்துது. கமிட்டித் தலைவர் தானே ஒரு தீக்குச்சியை எடுத்து ஒரு வால்வுக்குப் பொட்டு வெச்சுப் பார்த்துட்டுக் குழந்தை மாதிரி சிரிச்சார்.

இந்த முறையைப் பத்தி எழுதப் போற கட்டுரையில் மூணு பேர் பேரும் இருக்கணும்னார் கமிட்டித் தலைவர். மாரப்பண்ணன், "பேரைத் தமிழ்ல ஒருக்கா எழுதிக் குடுத்தீங்கன்னா ஊட்ல காட்டுவனுங்க"ன்னார். சார் காலேஜ் காகிதத்திலேயே, முத்திரையோட, எழுதிக் கொடுத்தார்.

பம்பாய்க்கு யாருன்னு கேள்வி வந்ததும் மறுபடி ஆரம்பிச்சோம், "அவங்க" "அவர்"னு. சார் மேஜையைத் தட்டினார். "வைக்கிறதுக்கும் திட்டறதுக்கும் ஊர் பூரா ஆள் இருக்காங்க. பார்க்கிறதுக்குத்தான் ஆள் வேணும். ஆவுடைநாயகி போறாங்க." நான் கைதட்டினேன். மனசாரத்தான். அப்புறம் சந்தனக் கிண்ணத்தை ரெண்டு தடவை கழுவினேன்.

நவம்பர் 6, ஞாயிறு

போத்தனூர் ஸ்டேஷன். மிஸ்ஸுக்கு ஒரு சந்தனக் கட்டையும் தீப்பெட்டியும் கொடுத்தேன். பேச நினைச்சதில் ஒண்ணுகூட வாயில் வரலை. "பம்பாயில் வால்வு ஜாஸ்தியா இருக்குமுங்க. பார்த்துங்க"ன்னு உளறினேன்.

வண்டி நகரும்போது ஜன்னல் வழியா என் டயரியை நீட்டினாங்க. "ஆதாரத்தைத் திருப்பித் தாரேன். ஓரத்துல பென்சில்ல கொஞ்சம் எழுதியிருக்கேன், பாருங்க."

பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து படிச்சேன். செப்டம்பர் 5-க்குப் பக்கத்தில்: 'இடது பக்கம் இடைஞ்சல்னா நாற்காலியை வலது பக்கம் போட்டுக்கிடலாம்லா?' செப்டம்பர் 12-க்கு: 'வடை என்னுது.' செப்டம்பர் 7-க்குப் பக்கத்தில், பர்னாலுக்குக் கீழே கோடு போட்டு, நீளமா:

'இதை உங்களுக்காகத்தான் ஜூன் 21-ம் தேதி வாங்கி வச்சேன். முந்தின நாள் உங்க விரல் சுட்டதைப் பார்த்தேன். கடையில நிக்கும்போதே எனக்கு முடிவாயிட்டு. தேதியோட என் இன்னொரு நோட்டுல இருக்கு. அதனால இந்தக் கண்டுபிடிப்பு முழுக்க என்னுது. மறுப்பு இருந்தா ஆதாரத்தோட எழுதவும்.' கீழே பம்பாய் விலாசம்.

பக்கத்தில் இருந்த போர்ட்டரைக் கட்டிப் பிடிச்சுட்டேன். அவர் பயந்துட்டார்.

நவம்பர் 7, திங்கள்

மறுப்பு இருக்கு! பலமா இருக்கு!

டயரியில் ஜூன் 20. அப்படியே எடுத்து எழுதறேன்: 'புதுசா ஒரு மிஸ் சேர்ந்தாங்க. கதவைத் திறந்துட்டு வந்தப்போ டெஸ்டரில் கையை வெச்சுட்டேன். ஷாக். மூணு வருஷத்தில் முதல் தடவை. மத்தியானம் சாப்பிட மறந்துட்டேன்.'

ஒரு நாள் முந்தி! ஆதாரம் என் பக்கம்! ஷாக் அடிச்சதாலதானே விரல் சுட்டுது, விரல் சுட்டதாலதானே பர்னால்? மூலமே நான்தான். அன்னைக்குக் கிழிக்கப் பிளேடை எடுத்தவன், இன்னைக்கு இந்தப் பக்கத்தைச் சந்தோஷமாக் கிழிச்சேன், ரிஜிஸ்டர் தபாலில் பம்பாய்க்கு அனுப்ப. அம்மாவுக்கும் ஒரு கார்டு எழுதிட்டேன், கிணத்துக்கடவு வேண்டாம், திருநெல்வேலிக்குப் புறப்படத் தயாரா இருங்கன்னு.

கவரை ஒட்டப் போகும்போது மாரப்பண்ணன் வந்தார். சந்தோஷம் தாங்காம அவர்கிட்டே எல்லாத்தையும் சொல்லி, "பார்த்தீங்களாண்ணா, மொதல்ல கண்டுபிடிச்சது நான்"னேன்.

"ஏனுங்க சார், நீங்க எங்கீங்க கண்டுபுடிச்சீங்க? அந்தம்மா உள்ளே வந்ததும் கொண்டு போய் ஷாக்குல கையை வெச்சீங்க. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்களே."

"நானும் விடமாட்டேண்ணா. தேதி போட்ட ஆதாரம் இருக்கா?"

அவர் மடியை அவிழ்த்து, நாலா மடிச்ச ஒரு துண்டுச் சீட்டை எடுத்து மேஜையில் வெச்சார். மருதமலைக் கோயில் அர்ச்சனைச் சீட்டு. "அன்னைக்குப் பொழுதோடயே போயி, உங்க ரெண்டு பேர் பேருக்கும் பண்ணிட்டு வந்தனுங்க."

சீட்டில் முத்திரை தெளிவா இருந்துது. 20-6-60. அதையும் கவருக்குள்ளே வெச்சு ஒட்டினேன்.